ஐந்து குழாய் ரத்தமும் ஒரு மனுவும்

முதல் அறிகுறியை எனக்குச் சொன்னது பாவாடை நாடா. எப்போதும் முடிச்சு விழும் இடம் நாடாவில் அழுக்கேறிக் கறுத்திருக்கும். ஒரு நாள் முடிச்சு அந்த இடத்துக்கு எட்டவில்லை. தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. வாயு என்று நினைத்து ஒரு மாதம் ஓமத்தண்ணீர் குடித்தேன். காரைக்குடியில் முதலில் பார்த்த மருத்துவரும் வாயு என்றுதான் சொன்னார். அதற்குக் காசும் வாங்கிக்கொண்டார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்ததும் அசைட்டிஸ் (வயிற்றுக்குள் நீர் கோப்பது) என்றார்கள். பிறகு சினைப்பைப் புற்று என்றார்கள். அறுவை சிகிச்சை, ஆறு முறை கீமோ (புற்றைக் கொல்லும் மருந்தை நரம்பு வழியே ஏற்றுவது). முடி போனது, வந்தது. அதை உருக்கமாக எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னை விட்டுவிடுங்கள்.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோய் பலருக்குத் திரும்பி வருகிறது. ஸ்கேனில் தெரியும்போது அது வந்து குடியேறியிருக்கும். இப்போதுள்ள ரத்தப் பரிசோதனையையும் முழுதாக நம்ப முடியாது. முன்கூட்டியே சொல்லும் ஒரு சோதனையைக் கண்டுபிடிக்க, நான் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் அரசுப் பணத்தில் ஓர் ஆய்வு நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு குழாய் என ஐந்து முறை ரத்தம் கொடுத்தேன். ஆறாவது முறை போனபோது மருத்துவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஆய்வ நிறுத்திட்டாங்கம்மா. அடுத்த கட்ட நிதி வரல. உங்க ரத்தம் உறைபெட்டில பத்திரமா இருக்கு.”

“பத்திரமா இருந்து என்ன செய்யும், டாக்டர்?”

அவர் என் கோப்பை மூடி வைத்தார். சின்னப் பெண், அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

வெளியே வந்தால் வாசலில் புற்றுநோய் விழிப்புணர்வுப் பேரணி. தட்டியில் தலைவரின் முகம் பெரிதாக, நோயின் பெயர் சிறிதாக. கட்டடம் கட்டினால் கல்வெட்டில் பெயர் வரும். இயந்திரம் வாங்கினால் ரிப்பன் வெட்டலாம். உறைபெட்டியில் கிடக்கும் ரத்தத்துக்கு எந்த மகராசன் மாலை போடுவான்? தனியார் கம்பெனி ஆராயட்டும் என்பார்கள். கம்பெனி விலைபோகிற சரக்கைத்தான் தேடும். எங்கள் ஊர்ப் பக்கம் மானகிரியில் நூறு நாள் வேலைக்குப் போகிறவளின் வயிற்றில் என்ன வளர்கிறது என்று பார்க்க அரசு கொடுத்தால்தான் உண்டு.

ஒரு திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். ஆய்வை மறுபடி தொடங்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும், அவ்வளவுதான். மனுக்களைப் பதிவு செய்யும் மேசையில் செல்வி இருந்தாள். எனக்குக் கீழே வேலை பழகியவள்.

“வாங்கக்கா, எப்டி இருக்கீக? இப்டி மெலிஞ்சு போனீகளே.” மனுவைப் படித்தாள். “இது எந்தத் தலைப்புலயும் வரலயேக்கா. பட்டா இருக்கு, உதவித்தொகை இருக்கு. மருத்துவ உதவின்னு போட்டுரவா?”

“எனக்கு உதவி வேணாம்டி. ஆராய்ச்சி வேணும்.”

“கம்ப்யூட்டர்ல அது இல்லக்கா. அங்குட்டுப் போயி கேட்டாலும் இதத்தான் சொல்லுவாக.”

மூன்றாவது வாரம் பதில் வந்தது. ‘மனுதாரர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பதாலும், சிகிச்சை முடிவுற்றதாலும், மேல்நடவடிக்கை தேவையில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.’

சிரித்துவிட்டேன். அந்த வாசகம் என்னுடையது. முப்பது வருடம் அதை எழுதித்தான் சம்பளம் வாங்கினேன். “இதப் போட்டு முடிச்சிரு, மறுபடி வர மாட்டாக” என்று செல்விக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். மனு கொடுத்தவர்களும் மறுபடி வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் எங்கே விழும் என்று இப்போது தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் மனு எப்படிச் சாகும் என்று அறிந்தவளுக்கு அதை எப்படி உயிரோடு வைப்பது என்றும் தெரியும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போகிறேன். நீங்களும் போங்கள். மருத்துவ உதவி என்று பதிய விடாதீர்கள். செல்வி இப்போதெல்லாம் என்னைக் கண்டால் தேநீர் குடிக்க எழுந்துவிடுகிறாள். திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

தினமும் காலையில் பாவாடை கட்டும்போது கை ஒரு நொடி நிற்கிறது. முடிச்சு நேற்று விழுந்த இடத்திலேயே விழுகிறதா என்று பார்க்கிறேன். விழுந்தால் அன்றைய நாள் எனக்கு உண்டு. வருடக் கணக்கெல்லாம் போய்விட்டது. நிலாவுக்கு ராக்கெட் விடும் நாட்டில், ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவே எனக்கு இருக்கும் பரிசோதனை இந்த நாடா ஒன்றுதான். அதுவும் நான் காசு கொடுத்து வாங்கியது.