கெட்ட சேதிக்கு நல்ல மாதம்

எங்கள் வீட்டில் கெட்ட சேதி சொல்வதற்குக் கார்த்திகை மாதம்தான் தோது. மற்ற மாதங்களில் என் கணவரிடம் வாய் திறக்க முடியாது. பெங்காலிக்காரர்கள் ஊரில், டாலிகஞ்சில், அப்பளம், புளி, தோசை மாவு விற்கிற கடை வைத்திருக்கிறார். மாவு புளித்துவிட்டது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவர் போடுகிற சத்தம் மெட்ரோ ஸ்டேஷன் வரை கேட்கும். வீட்டிலும் அதே கதைதான். சோறு பரிமாறிக்கொண்டே ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்ப்பேன். மூக்கு விடைத்தால் சேதி என் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும்.

கார்த்திகை பிறந்து மாலை போட்டதும் மனுஷன் அடியோடு மாறிப்போவார். கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், வாயைத் திறந்தால் சாமி. ஆட்டோக்காரனும் சாமி, மாவைத் திருப்பிக் கொண்டுவருகிற பெங்காலி அம்மாவும் சாமி. விரதத்தில் மீன் கூடாது, பொய் கூடாது, கோபம் கூடாது. முதல் இரண்டும் அவருக்குப் பெரிய பாடில்லை. மூன்றாவதற்குத்தான் டிசம்பர் குளிரிலும் வியர்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டு "சாமி சரணம்" என்பார். அந்தச் சரணத்துக்குள் என்னென்ன வசவு இருக்கிறது என்பது ஐயப்பனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இதை எல்லாரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். கடையில் வேலை செய்கிறவர் ஊருக்குப் போக லீவு கேட்பது கார்த்திகையில். லிஃப்ட் இப்போதைக்குச் சரியாகாது என்று ஃபிளாட் செக்ரட்டரி வந்து சொல்வதும் அப்போதுதான். நானே போன வருஷம் ஐப்பசியில் ஸ்கூட்டரைச் சுவரில் இடித்துவிட்டு, மேலே துணியைப் போட்டு மூடி, கார்த்திகையில் சொன்னேன். "வண்டிதானே சாமி" என்றார். பாவம், கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

என்னைக் கேட்டால் நான் கோபக்காரி இல்லை. கீழ்வீட்டுப் பெங்காலி அம்மா, மாஷிமா என்று கூப்பிடுவோம், விரதம் இருக்கிற வீட்டு வாசலில் மீன்பையை வைத்துவிட்டுப் பேச நின்றால் நாலு வார்த்தை சொல்வேன். டீயில் சர்க்கரை கூடிப்போனால் கப்பைத் திருப்பி நீட்டி, ஏன் இப்படி என்று கேட்பேன். அதற்குப் பெயர் கோபமா? நியாயம். அதுவும் அவர் மாலை போட்டிருக்கிற நாட்களில் வீட்டில் அதட்ட ஓர் ஆள் வேண்டாமா? குளிர்ந்த தண்ணீரில் குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, அதட்டவும் செய்து, எல்லாம் என் தலையில்தான்.

இந்த வருஷம் நான் சொல்ல வேண்டியிருந்த சேதி பெரிது. திருநெல்வேலியில் இருக்கிற என் அண்ணனுக்கும் இவருக்கும் ஆகாது. அந்த அண்ணன் வழியாக எங்கள் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் பெண் பார்க்க வரலாம் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். இவரைக் கேட்கவில்லை. மகளையும்தான். இருபத்துநாலு வயது, ஐடி கம்பெனி வேலை, தமிழைவிடப் பெங்காலியில் நன்றாகச் சண்டை போடுவாள். அவளைக் கேட்டுக்கொண்டிருந்தால் நடக்கிற காரியமா?

மாலை போட்டு நாலைந்து நாள் போகட்டும் என்று பொறுத்திருந்து, பூஜை முடித்து வந்தவரிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"அண்ணன் பாத்த இடம். தையில வரச் சொல்லிட்டேன்."

மூக்கு விடைக்கவில்லை. கண்கூடச் சிவக்கவில்லை. "பொண்ணுகிட்ட கேட்டியா சாமி?" என்றார்.

"அவ என்ன சொல்லப்போறா?"

"கேட்டுத்தான் பாரேன் சாமி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தப்பித்தேன் என்று அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்துவிட்டேன்.

மலைக்குப் புறப்பட்ட அன்று சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கு நானும் மகளும் வழியனுப்பப் போயிருந்தோம். பிளாட்பாரம் முழுக்கக் கறுப்பு வேட்டியும் சரண கோஷமும். தாடி வைத்த ஒல்லியான பையன் ஒருவன் தண்ணீர் பாட்டில்களோடு ஓடிவந்து, இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். இவரும் தெரிந்தவர் போலத் தலையில் கை வைத்து, "நல்லாயிரு சாமி" என்றார். வண்டி நகர்ந்தபோது கதவருகில் நின்று என்னைப் பார்த்து, "பொண்ணு சொல்றதக் கேளு சாமி" என்றார். வண்டி போய்விட்டது.

"ஏட்டி, யாரு அது?"

"பெஹாலாவுல இருக்கான். என் ஆபீஸ்தான்." டீக்கடைப் பக்கம் போன அவனைப் பார்த்தாள். "அவனைத்தாம்மா கட்டிக்கப்போறேன்."

"அப்பாவுக்கு?"

"மாலை போட்ட அன்னிக்குச் சாயங்காலமே சொல்லிட்டேன்."

எனக்கு நாலு நாள் முந்திவிட்டாள்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "பெத்தவ நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?" என்று கத்தினேன். கறுப்பு வேட்டிக்காரர்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கத்தவில்லை. "அப்பாகிட்ட பேச வருஷத்துல ஒரு மண்டலமாவது கிடைக்குது. உங்கிட்ட எப்பம்மா பேசறது? உனக்கு மாலை போடற வயசு வர இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் என்னால காத்திருக்க முடியாது" என்றாள்.

அதற்குள் அந்தப் பையன் மூன்று மண்கப்பில் டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "காக்கிமா, சா" என்று பெங்காலியில் சித்தி முறை சொல்லி முதல் கப்பை என்னிடம் நீட்டினான். வாயில் வைத்தேன். பாகு மாதிரித் தித்தித்தது. வாய்வரை வந்த "ஏன் இப்படி"யை விழுங்கிவிட்டு, முழுவதையும் குடித்தேன்.

குடித்து முடித்து நிமிர்ந்தபோது மகள் என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மூக்கைத்தான் பார்க்கிறாள்.