பொட்டு வைத்த கூலர்

அந்தச் சனிக்கிழமை காலை வீட்டில் இருந்தது நானும் தங்கையும் மட்டும்தான். அம்மா அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஓவர்டைம். அப்பா லோடு வண்டியோடு வெளியூர். கூடவே இருந்து கம்ப்யூட்டரில் பெரிய கூலரை மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்த நெமிலிச்சேரி நண்பனும் வரவில்லை. போன்தான் வந்தது.

"மச்சான், ஷிப்ட் மாத்திட்டாங்கடா. நீயே பண்ணிடு. வெயிட்டு சாஸ்தி, போர்டுல தொங்கவுடாத. கேபினெட்ட படுக்கப் போட்டு மாட்டு. ஒரே ஸ்க்ரூவ புடிச்சுகினு முழுசா முறுக்காத. ரெண்டையும் மாத்தி மாத்தி முறுக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

தள்ளிப்போட வழியில்லை. கரையான்சாவடியில் இருக்கும் ஒரு கல்யாண ஸ்டுடியோவுக்கு வீடியோ எடிட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நானே ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் அது. பிராசசரோடு வந்த சின்னக் கூலரால் சூட்டைத் தணிக்க முடியவில்லை. நீளமான வீடியோ என்றால் பாதியிலேயே மிஷின் தானாக அணைந்துவிடும். ஸ்டுடியோக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம காலைல பொண்ணூட்டுக்காரங்க வராங்க நைனா. இந்தத் தபாவும் ஆஃப் ஆயிடுச்சின்னு வந்து நின்னீன்னா, நா வேற ஆள பாத்துக்கிறேன்."

அதற்காகத்தான் ரிச்சி தெருவில் தேடி இந்தப் பழைய கூலரை வாங்கிவந்திருந்தேன். ஒரு கிலோவுக்கு மேல் எடை. நிமிர்த்தி வைத்த செங்கல் போல அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள். அடியில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் ஒரு பட்டை. அந்தப் பட்டை பிராசசரின் மேல் ஒட்டி உட்கார்ந்து சூட்டை மேலே இழுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் பத்திரமோ, ஃபேன் ரிப்பேரோ எது வந்தாலும் "அவன் படிச்சவன், பாத்துக்குவான்" என்று என் பக்கம் தள்ளிவிடுவார்கள். நான் படித்தது பி.காம்.

முதலில் மிஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். சூடானால்தான் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவி, காய்ந்துபோன பேஸ்ட் இளகும்; இல்லையென்றால் சின்னக் கூலரை இழுக்கும்போது பிராசசரும் பிய்த்துக்கொண்டு வந்து கால்கள் வளைந்துவிடும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை மேலே இழுக்காமல் மெதுவாகத் திருகினேன். கழன்றுவந்தது. அடுத்து, போர்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பட்டை நழுவாமல் தங்கை கையால் தாங்கிக்கொண்டாள். நான் முன்பக்கம் புதுத் தாங்கிகளை முடுக்கினேன். கேபினெட்டைப் படுக்க வைத்தோம். வாங்கிவந்த கூலரைத் தூக்கித் திருப்பினேன்.

பளபளக்கும் பட்டையில் நடுவில் ஒன்று, நாலு மூலைக்கும் நாலு என்று சந்தனம் குங்குமம் காய்ந்திருந்தது.

"அம்மா நேத்து வெள்ளிக்கெழம பூஜையில வெச்சிச்சுண்ணா. நீ குளிக்கப் போயிருந்த" என்றாள் தங்கை.

நடுவில் இருந்ததைத் துடைத்தேன். மூன்று மூலைகளையும் துடைத்தேன். நாலாவதில் கை நின்றது. வேலைக்குப் போகும் அவசரத்திலும் அம்மா வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூலையில் ஒரு பொட்டு, பிராசசர் அதுவரைக்கும் எட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூலரோடு வந்த சின்ன டியூபில் இருந்த பேஸ்டை முழுக்கப் பிதுக்கி, கூலரை இறக்கி, ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி முடுக்கினேன். கூலரின் ஃபேனைச் சொருகி மிஷினைப் போட்டேன்.

வீடியோவை ஓடவிட்ட சில நிமிடங்களில் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது. நானே நிறுத்தினேன்.

"சாமி பொட்ட அழிச்சேல்ல, அதான்" என்றாள் தங்கை.

"அழிக்காம வுட்டேனே, அதுதான்டி."

திரும்பக் கழற்றிப் பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தது. பொட்டு இருந்த மூலை பிராசசரின் ஓரத்தில் ஏறி நின்றிருந்தது. அந்தப் பக்கம் பேஸ்ட் நசுங்கவே இல்லை. அம்மாவின் சாப்பாட்டு நேரம் பார்த்து போன் செய்தேன்.

"ஏம்மா அங்க போய் பொட்டு வெச்ச?"

"நா இன்னாத்தடா கண்டேன்? பளபளன்னு கீற பக்கம்தான் அதுக்கு மொகம்னு நெனச்சேன்."

"அது மொகம் இல்லம்மா, அடி. பொட்டு இருந்தா சூடு எறங்காது."

"அப்ப தொடச்சிட்டு மாட்டு. ஓடணும்னுதான பொட்டே வெச்சேன். ஓடலன்னா அதுல பொட்டு எதுக்கு?"

துடைக்க அனுமதி கிடைத்தது. தடவப் பேஸ்ட் இல்லை. எங்கள் ஊர் திருநின்றவூரில் கேட்ட கடையில் இல்லாததால் ரயிலேறி ஆவடிக்குப் போனேன். சர்வீஸ் கடைக்காரர் ஒரு டியூபை எடுத்து வைத்து, "இது ஒண்ணுதான் கீது தலைவா. எதுக்கு, புதுசா மாட்டுறியா?" என்றார்.

"ரெண்டாந்தபா."

"அப்ப தொடைக்கிற ஸ்பிரிட்டும் எத்துக்கோ. தண்ணில தொடச்சிருப்ப."

தண்ணீரில்தான் துடைத்திருந்தேன். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பட்டையையும் பிராசசரையும் ஸ்பிரிட்டில் துடைத்தேன். துணியில் மஞ்சள் வருவது நிற்கும்வரை துடைத்தேன். தங்கை டார்ச் அடித்து நாலு மூலையும் பார்த்து, "இப்ப போலாம்" என்றாள். பட்டாணி அளவு பேஸ்ட். கூலரை நேராக இறக்கினேன். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று. ஸ்க்ரூ தானாக நின்றதும் நானும் கையை எடுத்துவிட்டேன். கேபினெட்டை நிமிர்த்தி, லேசாக ஆட்டிப் பார்த்தோம். கூலர் அசையவில்லை.

சூடு அறுபத்தெட்டில் நின்றது. இருட்டுவதற்குள் கல்யாணம் முழுக்க, மறுவீட்டு விருந்துவரை ஓடி முடிந்தது.

ஞாயிறு காலை பென்டிரைவை ஸ்டுடியோவில் கொடுத்தேன். அவர் அங்கங்கே தள்ளிப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் இன்னும் ரெண்டு கல்யாணம் கீது. வந்து வாங்கிக்கினு போ" என்றார்.

வீட்டுக்கு வந்து செலவுக் கணக்குப் போட்டேன்: கூலர் மூவாயிரத்து அறுநூறு, பேஸ்ட் நானூற்று ஐம்பது, ஸ்பிரிட் எண்பது, ஆவடிக்குப் போய்வர ரயில் பத்து. ஆக மொத்தம் நாலாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.