குடாவுக்கு ஒரு பார்சல்

அந்தத் தீவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான்.

செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். மலேசியாவில் கடையில் வேலை பார்த்த என் கணவர், கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து என்னை விசிட் விசாவில் அழைத்தார். “வடக்க ஒரு தீவு இருக்கு. கூட்டமே கெடையாது. மலைக்கு நடுவுல கடல் குடா குடாவா உள்ள வந்திருக்கும், சுத்திப் பாக்கலாம்” என்று போனில் சொன்னார். எங்கள் ஊர் வெள்ளாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்க ஓடுகிறவள் நான். கடலில் கால் நனைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

லப்பைக்குடிக்காட்டில் யார் வெளிநாடு கிளம்பினாலும் டிக்கெட்டுக்கு முன்னால் பார்சல் வந்துவிடும். அந்தத் தீவில் எங்கள் ஊர் ஆள் இல்லாத குடாவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முறுக்கு, அதிரசம், நார்த்தங்காய் ஊறுகாய் என்று பெட்டி நிறைந்தது. எதிர்வீட்டு அக்கா கடைசியாக வந்து, அந்தத் தீவில் இருந்த தன் வீட்டுக்காரருக்கு என்று ரவா லட்டு டப்பாவைக் கொடுத்தார்.

“எந்நேரமும் கடல்லயே கெடக்க வேணாம்னு அவருகிட்ட சொல்லும்மா. சளி ஒத்துக்காது அவருக்கு.”

தீவில் நாங்கள் பார்த்ததெல்லாம் பார்சல் வேலைதான். கொடுத்துவிட்டுக் கிளம்பவும் முடியாது. சாப்பிடாமல் போனால் ஊரில் பேச்சாகிவிடும். ஒவ்வொரு குடாவிலும் ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தட்டு பரோட்டா. ஜன்னலுக்கு வெளியே கடல் பச்சையாகக் கிடக்கும். எழுந்தால், “உக்காருங்க தங்கச்சி, டீ வருது” என்பார்கள். கணவர் அதற்கும் தலையாட்டுவார். காரில் ஏறியதும், “அடுத்த எடத்துல எறங்கலாம்” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தபால்காரி வேலை பார்க்கவா பாஸ்போர்ட் எடுத்தேன்?

கடைசி நாள், கடைசி குடா. எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரருக்கு அங்கே ரிசார்ட் சமையலறையில் வேலை. எங்கள் படகுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டப்பாவைக் கணவர் கையில் திணித்தேன்.

“நீங்களே குடுத்துட்டு வாங்க. நான் கடலுக்குப் போறேன்.”

“அவரு என்ன நெனைப்பாரு?”

“என்னமும் நெனச்சுக்கட்டும்!”

செருப்பைக் கழற்றி வீசிவிட்டு இறங்கினேன். ஆள் இல்லை, குப்பை இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. புடவை முழங்கால் வரை நனைந்தது. சந்தோஷத்தைவிட ஜெயித்த திமிர்தான் எனக்கு அதிகம்.

திரும்பிப் பார்த்தால், சிமெண்ட் பாதை முடிகிற இடத்தில் அந்த அண்ணன் டீ கிளாஸோடு நிற்கிறார். பக்கத்தில் என் கணவர்.

“எறங்கி வாங்கண்ணே, தண்ணி நல்லா இருக்கு!” என்று கத்தினேன்.

“வேலைக்காரங்க மணல்ல எறங்கக் கூடாதும்மா. கெஸ்ட்டுங்களுக்கு மட்டுந்தான்.” சிரித்தார். “வந்த நாள்லேருந்து இங்கேருந்தே பாத்துக்கறதுதான். ஊர்ல சொல்லிடாத.”

மேலே ஏறிவந்து, ஈரப் புடவையோடு அந்த டீயைக் குடித்தேன். படகில் ஏறினோம். கணவர்மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. அதைவிடப் பெரிய கோபம் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டார்.

“சொன்னியாம்மா? கடல்லயேதான் கெடக்காரா?”

“சொன்னேன்க்கா” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. “கேக்க மாட்டேங்கிறாரு.”