சூடு ஏறாத கோளாறு

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெருவே அவரைக் காயில்காரர் என்றுதான் கூப்பிட்டது. எந்த மோட்டார் வந்தாலும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதன் மேல் புறங்கையை வைப்பார். "சூடேறலன்னா கோளாறு இல்ல, எடுத்துட்டுப் போங்க" என்பார். முப்பது வருஷமாக அந்தக் கணக்கு தப்பியதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நாற்பத்தெட்டு வயதில் முடக்குவாதம் வந்து விரல் மூட்டுகளில் குடியேறியது. செம்புக் கம்பியைப் பிடிப்பது இருக்கட்டும், சட்டைப் பொத்தானையே மனைவிதான் போட்டுவிட வேண்டியிருந்தது. மாத்திரைகள் கைவிட்டதும் டாக்டரம்மா வயிற்றில் போட வாரம் ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். அதை வீட்டிலேயே மனைவி போட்டுவிட்டாள். மூன்றே மாதத்தில் வீக்கம் வடிந்தது. கடை ஷட்டரை அவரே தூக்கிய அன்று மனைவி அழுதே விட்டாள். இந்த ஊசி போட்டால் தொற்று வந்தாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விரல் மடங்கிய சந்தோஷத்தில் அது அவர் காதில் ஏறவில்லை.

மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. வெப்பமானியை வாயில் வைத்துப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு.

"சூடே இல்ல, எனக்கென்ன கோளாறு?" என்று மனைவியின் வாயை அடைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

நாலாம் நாள் மதியம் சாப்பாடு கொண்டுபோன மனைவி கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் சுற்றுகளை எண்ணியபடி கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணு... நாப்பத்தஞ்சு... ஏம்மா, எத்தனை சொன்னேன்?"

ஊர்க்கதை பேசிக்கொண்டே சுற்றினாலும் எண்ணிக்கை பிசகாத மனுஷன். மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்கியது. அவள் சாப்பாட்டுத் தூக்கை அங்கேயே வைத்தாள். மறுபேச்சு பேசவிடாமல் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

நிமோனியா. எக்ஸ்ரே படத்தில் ஒரு பக்க நுரையீரலில் பாதி வெளுத்திருந்தது.

"நம்ம செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கும். அந்தச் சேதிதான் சைட்டோகைன்" என்றார் டாக்டரம்மா. "அதுல கீமோகைன்னு ஒரு வகை, 'இங்க வாங்க'ன்னு வெள்ளை அணுக்களை அடிபட்ட இடத்துக்குக் கூப்பிடும். இன்னொண்ணு மூளைக்குப் போய்க் காய்ச்சலை ஏத்தச் சொல்லும். உங்க மூட்டுல அந்த ரெண்டாவதுதான் காரணமே இல்லாம கத்திட்டிருந்துச்சு. ஊசி அதோட வாயைக் கட்டிச்சு. இப்ப நெஜமாவே ஆபத்து வந்தப்ப அதால கத்த முடியல."

முப்பது வருஷக் கணக்கு முதல்முறையாகத் தப்பியிருந்தது.

ஊசியை நிறுத்தி மருந்து ஏற்றினார்கள். நெஞ்சு தெளிந்தது. ஆனால் வீடு திரும்பிய சில நாளில் விரல்கள் மறுபடி வீங்கி, தம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. தொற்று முழுசாகப் போய்விட்டது, இனி ஊசி போடலாம் என்றார் டாக்டரம்மா. மனைவி ஊசியை எடுத்துக்கொண்டு வந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்மா. கை போனாப் போகட்டும். இதைப் போட்டா உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. அப்புறம் யாருக்குத் தெரியும்?"

"போன தடவை எனக்குத் தெரிஞ்சுதுல்ல?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு வீங்கிய விரல்களால் தட்டுத்தடுமாறிச் சட்டையை வயிற்றுக்கு மேல் தூக்கிக்கொண்டார்.