படத்துக்காகப் பிடுங்கிய கொம்பு

எங்கள் ஊரான தோணிரேவில், ஏரிக்குள் நட்டிருந்த ஒரு கொம்பைச் சிறுவயதில் நான் பிடுங்கி எறிந்தேன். அதனால் ஓர் அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள்.

இன்று பேத்தி தான் எடுத்த ஏரிப் படத்தைக் கைபேசியில் காட்டினாள். "தாத்தா, இந்தக் கொம்பு நடுவுல நின்னு கெடுக்குது. அழிச்சிடவா?"

அன்று எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சித்தப்பாவின் கேமராவில் ஒரே ஒரு படத்துக்குத்தான் ஃபிலிம் மிச்சம். ஓரத்தில் ஒரு படகு, அங்கிருந்து அடிவானம்வரை வெறும் தண்ணீர். அப்படி இருந்தால்தான் படம் எடுபடும் என்று நினைத்தேன். நாறும் சேற்றில் முழங்கால் புதைய நடந்துபோய்க் கொம்பைப் பிடுங்கினேன். படம் அழகாகத்தான் வந்தது.

அந்தக் கொம்பு, கன்னியப்பன் மாமாவுக்கு ஊர் முறைவைத்து ஒதுக்கிய 'பாடு' என்னும் மீன்பிடி இடத்தின் அடையாளம். அன்று அவர்தான் அங்கே வலை கட்ட வேண்டும். கொம்பைக் காணாமல் அவருடைய தம்பி கட்டிவிட்டார்.

"கொம்பப் புடுங்கிட்டு வலை கட்றியே, நீயெல்லாம் ஒரு தம்பியாடா?"

"சத்தியமா நான் புடுங்கலண்ணா! அங்க கொம்பே இல்ல!"

கேமராவை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று பயந்து, கரையில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் மாமாவிடம் போய்ச் சொன்னேன். வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"இத இப்ப வந்து சொல்றியேடா. அவன் சாவுக்குக்கூட நான் போவல."

பேத்தியிடம், "வேண்டாம்மா, அது ஒருத்தர் வச்ச அடையாளம். இருக்கட்டும்" என்றேன்.

"அழிச்சிட்டேனே தாத்தா. பாரு, எவ்ளோ நல்லா இருக்கு!"

நன்றாகத்தான் இருந்தது.