உடன் வந்தவர் சொன்னது

அந்த அறையில் மேசைக்கு எதிரே இரண்டு இருக்கைகள் இருந்தன. ஒன்று கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. மற்றது முதுகு சாய்க்க வழியில்லாத இரும்பு ஸ்டூல். ஸ்டூலில் நோயாளி உட்காருவார், நாற்காலியில் உடன் வந்தவர். யார் அப்படிப் போட்டு வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது, நானும் மாற்றவில்லை. பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவு அது. பெண்களுக்கென்று தனியாக ஒரு சின்ன வார்டு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சமூகப்பணி படித்துவிட்டு வந்த என்னை, தமிழ் பேசும் நோயாளிகளிடம் விவரம் கேட்டு எழுதவும், டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவும் எடுத்திருந்தார்கள்.

அக்கா அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தார். பெங்களூரிலேயே நீலசந்திரா என்ற ஏழைகள் பகுதியிலிருந்து வந்திருந்தார். விடியுமுன் எழுந்து தெருக் கூட்டும் வேலை. வார்டில் அவரைவிட மூத்தவர்கள்கூட இரண்டே நாளில் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதால் எனக்கும் அதே பெயர்தான் தங்கியிருக்கிறது. நாற்காலியில் அவருடைய கணவர் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தணிந்த குரல். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். எந்த வயதில் குடிக்கத் தொடங்கினாள், ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் சாராயம், காலையில் கை நடுங்குகிறதா, எல்லாவற்றுக்கும். அக்கா சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. குடிக்கிறவர் தன் குடியைப் பற்றி உண்மை சொல்லமாட்டார், அதனால் உடன் வந்தவரைக் கேட்டு எழுது என்பார்கள். ஆண்கள் வார்டில் இது பெரும்பாலும் பலித்தது. அங்கே நாற்காலியில் மனைவி இருப்பாள். அவளை விட்டால் அவன் குடியைப் பற்றிச் சொல்ல வேறு ஆள் ஏது? பெண்கள் வார்டுக்கும் அதே படிவத்தைத்தான் எடுத்துப் போட்டிருந்தோம். இங்கே ஸ்டூலில் மனைவியும் நாற்காலியில் கணவனுமாக இடம் மாறியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. வீட்டில் அடிதடி உண்டா என்ற கேள்வியும் படிவத்தில் இருந்தது. அதை நான் விட்டுவிடவில்லை, கேட்டேன். கணவரைப் பார்த்துக் கேட்டேன். குடித்துவிட்டால் சாமான்களைத் தூக்கிப் போடுவாள், கீழே விழுந்து காயமும் படுத்திக்கொள்வாள், நான்தான் பொறுத்துப் போகிறேன் என்றார் அவர். ‘கணவர் பொறுமையானவர், அக்கறையுள்ளவர். தகவல் நம்பத்தகுந்தது, போதுமானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கன்னடக்கார டாக்டருக்கு இதையெல்லாம் பாதி ஆங்கிலத்திலும் பாதி ஓட்டைக் கன்னடத்திலும் மொழிபெயர்த்தேன். மூன்றாம் நாள் வார்டுப் பக்கம் போனபோது அக்கா ஆயாவிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார், தங்குதடையின்றி ஓடும் கன்னடத்தில். நான் நின்று பார்த்ததும் சிரித்தார். “மூணு தலைமுறையா இங்கதான் கீறோம் மேடம். உங்க கன்னடத்தப் பாத்து எனக்கே பாவமா இருந்துச்சு.” நானும் சிரித்து மழுப்பினேன். இவ்வளவு பேச வருகிறவர் அன்று ஏன் வாயே திறக்கவில்லை என்று அப்போதாவது கேட்டிருக்கலாம்.

என்னை இன்றுவரை உறுத்துவது இன்னொன்று. அதே வாரம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவள், என் வயதுதான். அவளைக் கூட்டி வந்த கணவனை நானே நயமாகப் பேசி காபி குடிக்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, உங்களை யாராவது துன்புறுத்துகிறார்களா என்று கேட்டேன். அவள் அழுதாள். இரண்டு பக்கம் எழுதினேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை, தானாக வந்தது. அக்காவின் படிவத்தில், குடிக்கக் காரணம் என்ற இடத்தில், ‘அந்தப் பகுதியில் பெண்கள் குடிப்பது வழக்கம்’ என்று எழுதியிருந்தேன். அதுவும் தானாக வந்ததுதான். இரண்டு பேரும் பேசியது தமிழ். ஆனால் ஒருத்தியை நம்மவள் என்றும் இன்னொருவரை ‘அவங்க’ என்றும் என் மனம் பிரித்து வைத்திருந்தது. அந்தப் பிரிவினையை நான் எந்த ஊரிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

நாலைந்து மாதம் கழித்து அக்கா தனியாக வந்தார். இடது கையில் மாவுக்கட்டு. கணவர் அடித்ததாகப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போயிருக்கிறார். பின்னாலேயே வந்த கணவர் என் குறிப்பும் சேர்ந்திருந்த எங்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். அங்கிருந்த போலீஸ்காரர் உரக்கப் படித்திருக்கிறார்: குடிநோய், கீழே விழும் பழக்கம், பொறுமையான கணவர். ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்று சொல்லி இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா வெளியேறித் தங்கையின் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது அந்தக் காகிதத்தைக் காட்டியே அவர்களுடைய பெண் குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாராம் அந்த மனிதர்.

“நீங்க எழுதுனதுதான மேடம். நீங்களே அடிச்சுடுங்க” என்றார்.

பதிவில் எழுதியதை அடிக்கக் கூடாது என்பது விதி. விதியைச் சொன்னேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் உட்கார முடியவில்லை, எழுந்து நடக்கத் தோன்றுகிறது. அவர் நல்ல கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். நீலசந்திரா, ஒக்கலிபுரம் போன்ற ஏழைகள் பகுதி விலாசம் இருந்தால் தகவல் தந்தவர் கணவர், நம்பத்தகுந்தது. அடுக்குமாடி விலாசம் என்றால் ‘தனியே விசாரிக்கப்பட்டது’. எல்லாம் என் கையெழுத்து. பெரிய டாக்டரிடம் போய் நின்றேன். அடிக்க முடியாது, ஆனால் தேதி போட்டுக் கீழே சேர்த்து எழுதலாமே என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. கணவர் தந்த தகவல் நம்பத்தகுந்ததல்ல என்றும், நோயாளியைத் தனியே விசாரிக்காதது என் தவறு என்றும் எழுதினேன். வேலை போனாலும் போகட்டும் என்ற வீறாப்போடு எழுதினேன். வேலை ஒன்றும் போகவில்லை.

இப்போது நான் வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். யார் வந்தாலும், எந்த விலாசமானாலும், முதலில் கணவரை வெளியே உட்கார வைக்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் இதை என்னிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்லி நன்றி சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏனென்றால் நான் அன்று திருத்தி எழுதிய பிறகும் கற்றுக்கொண்டிருக்கவில்லை.

திருத்தி எழுதிய சில வாரங்களில், அதன் நகலை எடுத்துக்கொண்டு ஒரு மதியம் நீலசந்திராவில் தங்கை வீட்டைத் தேடிப் போனேன். அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்திருந்தது, கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. காகிதத்தைக் கொடுத்தேன். தனக்குப் படிக்க வராது, படித்துக் காட்டுங்கள் என்றார். படித்தேன். என் தவறு என்ற வரி வந்தபோது நிறுத்தி அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஏதாவது இளகும் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முழுதும் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இதுல அவர் சொன்னது கீது, நீங்க சொன்னது கீது. நான் சொன்னது எங்க மேடம்?”

இரண்டாவது முறையும் நான் அவரைக் கேட்கவே இல்லை. வாசல் படியில் உட்கார்ந்து பையிலிருந்து பேனாவை எடுத்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டேன். துணி வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மொதல்ல அடி. கல்யாணமாயி எட்டாம் நாளு. குடி அதுக்கு ஒம்போது வருசம் கழிச்சுதான், வலியில தூக்கம் வராம. அந்த வரிசையில எழுதுங்க.”