மொட்டை மாடியில் காய்ந்த போன்

எனக்குப் பிடித்த அந்த போன் கம்பெனியை நான் ‘நம்ம கம்பெனி’ என்றுதான் சொல்வேன். வீட்டில் முதல் தடவை அப்படிச் சொன்னபோது அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “எப்போ சேர்ந்த? வேன் வருதா, நாமளே போவணுமா?” என்று கேட்டார். ஆம்பூரில் கம்பெனி என்றால் ஷூ கம்பெனிதான். காலையில் வேன் வந்து நின்றால் எங்கள் தெருவில் பாதி வீடு காலி. அப்பா ஒரு கம்பெனி, அக்கா வேறொரு கம்பெனி. அவர்கள் ‘எங்க கம்பெனி’ என்று சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் ஒரே வித்தியாசம்தான். என் கம்பெனிக்கு நான் இருப்பதே தெரியாது.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் கூடப் படித்த ஒருத்தியின் போனை ஐந்து நிமிடம் வாங்கிப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. என் பழைய போனில் திரையைத் தள்ளினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும். இது விரலோடேயே வந்தது. அன்றிலிருந்து அந்தக் கம்பெனியைப் பற்றி எது வந்தாலும் படித்தேன். புது மாடல் வெளியிடுகிற நாளில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அம்மா கூப்பிட்டாலும் கேட்காது. தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்து, படிப்பை முடித்த கையோடு ஒரு போனை வாங்கியும்விட்டேன்.

பெட்டியைப் பிரித்தபோது அக்காவும் பக்கத்தில் இருந்தாள். அக்கா ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் வேலை செய்கிறாள். எந்தப் பொருளையும் முதலில் திருப்பித்தான் பார்ப்பாள். போனையும் திருப்பினாள். கண்ணாடியும் உலோகமும் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.

“எங்கயும் தட்டல. நல்லா பண்ணியிருக்கானுங்க,” என்றாள்.

நானே அதைத் தயாரித்த மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. யார் வேறு போன் வாங்கினாலும் அவர்கள் கேட்காமலே குறை சொன்னேன். சித்தப்பா தன் போன் சூடாகிறது என்றபோது, “எங்க கம்பெனியுது எதுக்கும் அசையாது சித்தப்பா. வெச்சிக்கத் தெரியாதவங்கதான் கெடுத்துக்குவாங்க,” என்றேன். அக்கா என் போனுக்கு ‘மாப்ள’ என்று பெயர் வைத்தாள். “மாப்ள சாப்ட்டாரா?” என்றால் சார்ஜ் போட்டாயா என்று அர்த்தம்.

ஒருநாள் கம்பெனியின் இணையதளத்தில் அவர்களே விற்கிற தோல் உறையை அக்காவிடம் காட்டினேன். அவள் படத்தைப் பெரிதாக்கி உதட்டை அசைத்துத் தையலை எண்ணினாள்.

“இன்னாடி இது, இவ்ளோ தள்ளித் தள்ளித் தெச்சிருக்கான்? எங்க சூப்பர்வைசர்கிட்ட இதக் குடுத்தா மூஞ்சியில அடிப்பாரு. இதுக்கா இவ்ளோ விலை?”

“அக்கா, அது அவங்க டிசைன்.”

“டிசைனாம் டிசைன்.”

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் கடைக்குப் போய் தேன் நிறத்தில் ஒரு துண்டுத் தோல் வாங்கி வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

மே மாதம். ஞாயிற்றுக்கிழமை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். மதியம் திரும்பி வந்தால் ஒயர் மட்டும் தொங்குகிறது. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மாப்ள மேல இருக்காரு. போய்ப் பாரு.”

மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு தகரம், தகரத்தின் மேல் என் போன். திரையை மட்டும் விட்டு ஈரத் தோலை இழுத்துச் சுற்றி, விளிம்பெல்லாம் சுத்தியால் தட்டி, சுற்றிலும் துணி கிளிப் போட்டு, அப்பளம் மாதிரி காய வைத்திருந்தாள்.

ஷூ கம்பெனியில் அப்படித்தான் செய்வார்கள். பாதம் மாதிரி ஒரு கட்டை இருக்கும், லாஸ்ட் என்பார்கள். தோலை அதன்மேல் இழுத்துப் பிடித்து, தட்டி, சூடு காட்டினால் தோல் அந்த வடிவத்துக்கு வந்துவிடும். கட்டையை உருவி அடுத்த ஷூவுக்குப் போட்டுக்கொள்வார்கள். கட்டைக்கு எதுவும் ஆகாது. அக்கா என் போனைக் கட்டையாக்கியிருந்தாள்.

எடுத்தேன். கை சுட்டது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு ஓரத்தில் கண்ணாடி லேசாகத் தூக்கியிருந்தது.

“தண்ணி போவக் கூடாதுன்னு பாலிதீன் கவர்ல சுத்திட்டுத்தான்டி வெச்சேன்,” என்றாள் பின்னாலேயே வந்த அக்கா. அவள் தண்ணீருக்குத்தான் பயந்திருக்கிறாள். வெயிலை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. அவள் கிளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் அக்கா லீவு போட்டாள். உடம்பு சரியில்லை என்றாலும் வேலைக்குப் போகிறவள். சர்வீஸ் சென்டர் இருக்கிற வேலூருக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தாள். பள்ளிகொண்டா தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்: “வாரண்டி இருக்குல்ல?”

“இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.”

“அப்போ தானா ஆஃப் ஆயிடுச்சுன்னு சொல்லிடு. யாரு கண்டா?”

வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். இவர்களிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையைச் சொன்னாலோ வாரண்டி போய்விடும், அக்காவின் பெயரையும் இழுக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமலே வேலூரில் இறங்கினேன்.

சர்வீஸ் சென்டரில் ஏசி. கண்ணாடி அணிந்த ஒரு இளைஞர், தோல் காய்ந்து இறுகியிருந்த போனை அப்படியே வாங்கி, தூக்கியிருந்த ஓரத்தைப் பார்த்ததுமே கேட்டார்: “எங்கயாவது சூட்டுல வெச்சீங்களா?”

வெச்சிக்கத் தெரியாதவங்க என்று ஊர் பூராவும் சொன்னேனே, அந்த ஆள் இப்போது என் பக்கத்தில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் நுனியில் ஊசி குத்திய பழைய புள்ளிகள்.

“ஆமாங்க. மாடியில வெயில்ல வெச்சிட்டேன். என் தப்புதான்,” என்றேன்.

“இல்ல சார், இவ பொய் சொல்றா. வெச்சது நானு,” என்றாள் அக்கா.

“அக்கா, நீ சும்மா இரு.”

“நீ சும்மா இருடி. சார், நாந்தான் சார். கவர் பண்ணலாம்னு.”

இருவரையும் மாறி மாறிப் பார்த்த அவர் சிரித்துவிட்டார். “யாரு வெச்சாலும் வாரண்டி கிடையாதுங்க. பேட்டரி உப்பியிருக்கு. மாத்திப் பார்க்கலாம். உயிர் வந்தா உங்க அதிர்ஷ்டம்.” சொல்லிக்கொண்டே தோலைக் கிழிக்க ஒரு சின்னக் கத்தியை எடுத்தார்.

“ஐயோ, கத்தி வைக்காதீங்க! தோல் போயிடும்!” அக்கா எழுந்தே விட்டாள். வாங்கி, கட்டைவிரலால் விளிம்பை நீவி நீவித் தளர்த்தினாள். முரண்டு பிடிக்கிற குழந்தைக்குச் சட்டை கழற்றுவது மாதிரி. போன் வழுக்கி வெளியே வந்தது. தோல் அப்படியே நின்றது. மூலை, பொத்தான், கேமராவின் மேடு, எல்லாம் அதில் பதிந்திருந்தது. அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவிடமே கொடுத்தார்.

மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அக்கா கொண்டுவந்த புளிசாதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது அக்கா என்னைவிட முன்னால் ஓடினாள். திரையில் வெளிச்சம் இருந்தது. படங்கள் இருந்தன, என் ட்யூஷன் பிள்ளைகளின் லிஸ்ட் இருந்தது. நடுவில் மட்டும் ஒரு மஞ்சள் திட்டு, அது போகாதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில்தான் அவளுக்குப் பழைய வாய் திரும்பியது. “ஒரு மத்தியான வெயில் தாங்கல உங்க கம்பெனி. பெருசா பேசுனியே.”

“எந்த போனும் தாங்காது. அதுவும் நம்மூரு வெயில்.”

“எங்க லாஸ்ட் தாங்குது.”

“உங்க லாஸ்டுல போன் பேசு.”

முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். மாதனூர் வருவதற்குள் அக்கா உறையை எடுத்து உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள். “ஓரம் வெட்டித் தெக்கணும். இன்னொரு தடவ அச்சுல போட்டாத்தான் உக்காரும்.”

நான் போனை ஜன்னல் பக்கமாக நகர்த்திக்கொண்டேன்.

“மாப்ளையக் கேக்கலடி. கட்டையில செதுக்கிக்கிறேன். அளவு சொல்லு.”

நீளம், அகலம், கனம், கேமரா எவ்வளவு மேடு என்பது வரைக்கும், மில்லிமீட்டரில் புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்ணோடு சொன்னேன். அக்கா பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டே வந்தாள். கேமரா மேட்டை மட்டும் இரண்டாவது தடவை கேட்டாள்.